பத்தொன்பதாவது வீட்டின் ஜன்னல்

ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், வடகரைப்பேட்டைக் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த எட்டடிக்கு எட்டடி அறையில், வீட்டுப் பிளான் வரைந்து கொடுத்துப் பிழைக்கும் கோமளவல்லி கம்ப்யூட்டரில் ஒரு புதிய வரைபடத்தைத் திறந்து முதல் சுவரை இழுத்தபோது, ஏழு கிலோமீட்டர் தள்ளி முந்திரிமேடு என்ற தரிசில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பவுனாம்பாளின் காலடியில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

புது வரைபடம் தொடங்குவதற்குக் கோமளவல்லி ஒரு முறை வைத்திருந்தாள், பதினான்கு வருஷமாக அதை மாற்றியதில்லை. முதலில் அளவு: மீட்டரா, அடியா, அங்குலமா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் விட்டால் பத்தடி அறை பத்தங்குலப் பெட்டியாகிவிடும். பிறகு எல்லை: இவ்வளவு இடத்துக்குள்தான் வரையப்போகிறோம் என்று வேலி கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு லேயர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக விரித்த கண்ணாடித் தாள்கள் மாதிரி, சுவருக்குச் சிவப்பு, கதவுக்கு மஞ்சள், ஜன்னலுக்கு நீலம். கடைசியில் பூஜ்யம், எல்லா அளவும் எங்கிருந்து புறப்படுகிறதோ அந்தப் புள்ளி. வழக்கமாக அதைத் திரையின் கீழ்மூலையில் எங்காவது போட்டுவிடுவாள். அன்றைக்கு, முந்தின வாரம்தான் முந்திரிமேட்டுக்கு நேரில் போய்வந்திருந்ததால், அங்கே வடகிழக்கு மூலையில் சாய்ந்து நின்ற சர்வே கல்லையே பூஜ்யமாக வைத்தாள். அதற்கு மேல் அவள் வேறெதுவும் செய்யவில்லை.

போன் அடித்தது.

"அம்மா, பிளான் போடுற அம்மாங்களா? முந்திரிமேட்டுலேருந்து பவுனு பேசுறேன். அன்னிக்கு வந்தப்ப மோர் குடுத்தேனே."

"சொல்லுங்கக்கா."

"இங்க தரையில செவப்பா ஒரு கோடு ஓடுதும்மா. நீங்க போடுறதா?"

கோமளவல்லி திரையைப் பார்த்தாள். "எந்தப் பக்கம் ஓடுது?"

"கல்லுலேருந்து மேக்கால."

"அப்ப நான்தான்."

"சரி சரி. ஆடு நடுவுல நிக்குது, ஒரு நிமிசம் நில்லுங்க, ஓட்டிக்கிறேன்."

கோமளவல்லி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஆடு நகரும்வரை காத்திருந்தாள்.

ஆற்றின் நடுவே புங்கந்திட்டு என்று ஒரு மணல்தீவு இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வந்த வெள்ளம் அதைப் பாதிக்கு மேல் வாரிக்கொண்டு போனதிலிருந்து, அங்கிருந்தவர்கள் எல்லாரும் ஆற்றங்கரை மேட்டில் வரிசையாகப் போட்ட தகரக் கொட்டகைகளில்தான் இருந்தார்கள், கோடையில் வெந்தார்கள், மழையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காத இரைச்சலில் கிடந்தார்கள். முந்திரிமேட்டில் அவர்களுக்கு வீடு கட்டித் தருவதென்று உத்தரவாகி, பயனாளிகள் பட்டியல் வந்து, அதற்கு வரைபடம் வேண்டுமென்று அலுவலகம் கேட்டதால்தான் வேலை கோமளவல்லியிடம் வந்தது. பட்டியலில் பதினெட்டுப் பெயர்கள். ஆகவே பதினெட்டு வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி, ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு அடுப்படி, ஒரு கழிப்பறை. மீதமிருந்த மூலைக்குப் பூங்கா என்று பெயர் எழுதினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பதினெட்டு வீடுகளும் தரையில் வந்துவிட்டன. வெறும் கோடு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கலியமூர்த்தி, அந்த ஜனங்களுக்காக ஆபீஸ்களுக்கு மனு எழுதிப் போட்டு அலைகிறவர், தன் பெயருக்கு வந்த ஏழாம் நம்பர் வீட்டின் சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போகப் பார்த்து, ஒன்றுமில்லாத வெளியில் நெற்றியை இடித்துக்கொண்டார். தடவிப் பார்த்தார். சுவர் இருந்தது. கண்ணுக்குத்தான் தெரியவில்லையே தவிர, ஒன்பதங்குலத் தடிமனில், குளுமையாக, கதவு உயரத்துக்கும் மேலே காற்றாலான சுவர் நின்றது. மஞ்சளில் விசிறி மாதிரி வளைந்திருந்த கோட்டுப் பக்கம் போய்க் கையை வைத்துத் தள்ளினார். கதவு திறந்தது. உள்ளே போய் நின்றுகொண்டு, நெற்றியைத் தேய்த்தபடி தன் மனைவியைப் பார்த்து, "செருப்பக் கழட்டிட்டு வா" என்றார்.

அதற்கப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. தகரக் கொட்டகைகளிலிருந்து பாத்திரங்களையும் பாயையும் தூக்கிக்கொண்டு வந்து, வலது காலை எடுத்து வைத்து, பால் காய்ச்சி, குடிபுகுந்தார்கள். பிளான் என்பது வீட்டைக் குறுக்காக அரிந்து மேலிருந்து பார்ப்பதுதான் என்பதால் கூரை இருக்கவில்லை, அதனால் தென்னங்கீற்றை முடைந்து காற்றுச் சுவரின் மேல் பரப்பினார்கள், அது ஒன்றிலும் ஊன்றாமல் ஆகாயத்தில் அசையாமல் நின்றது. சுவரில் ஆணி இறங்கவில்லை, பசை ஒட்டியது, ஆகவே பதினெட்டு தினக்காலண்டர்கள் அந்தரத்தில் தொங்கின, காலையில் ஒவ்வொன்றாகத் தேதி கிழிபட்டது. மூன்றாம் நாள் ஒரு பல்லி எங்கிருந்தோ வந்து, ஒன்றுமில்லாத வெளியில் செங்குத்தாக ஏறி, மார்பளவு உயரத்தில் நின்று உச்சுக் கொட்டியபோது, அதுவரை கொஞ்சம் பயத்தோடு இருந்தவர்களும் பயம் தெளிந்து இது வீடுதான் என்று ஒத்துக்கொண்டார்கள்.

சத்தமும் காற்றும் திறந்த கதவு ஜன்னல் வழியாக வந்ததே தவிர அந்தச் சுவர்களைத் தாண்டவில்லை, பார்வை மட்டும் தாண்டியது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சண்டை நடந்தால் வாய்கள் அசைவது தெரியும், என்ன வார்த்தை என்று தெரியாது. அதனால் ஒரு மரியாதை தானாக உண்டாயிற்று. அடுத்த வீட்டுப் பக்கம் கண் போனால், "சுவர் இருக்குப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குளிக்கிற இடத்தில் சேலையை மறைப்பாகக் கட்டினார்கள். தபால்காரர் வந்து, பதினான்காம் நம்பர் வீட்டு ஆள் நட்டநடுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது தெரிந்தும், கதவைத் தட்டிவிட்டுக் கைகழுவி வரும்வரை வாசலில் நின்றார். டவுன் பஸ் கண்டக்டர் ஒரே வாரத்தில் "காத்து வீடெல்லாம் இறங்கு" என்று கூவப் பழகிவிட்டார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோமளவல்லி பார்க்க வந்தாள். பவுனாம்பாள்தான் அவளை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாள். நாற்பத்தைந்து வயசிருக்கும், நெற்றியில் பெரிய குங்குமப்பொட்டு, ஆட்டுக்குக் குழை ஒடிக்கும் தொரட்டி ஒன்று எப்போதும் கையில். "இது வாசப்படி, பாத்து. இது அடுப்படி, மேடைய எவ்வளவு எதமா வச்சிருக்கீங்க, இடுப்பு நோவாது." தன் வீட்டைக் காட்டுகிறவள் மாதிரி எல்லா வீட்டையும் காட்டினாள். முதல் கோடு ஓடிய நாளிலிருந்து, எந்தச் சுவர் எங்கே முடிகிறது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்ததும் அவள்தான்.

"உங்க வீடு எதுக்கா?" என்றாள் கோமளவல்லி.

"எனக்கு இல்லம்மா." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "பட்டியல்ல குடும்பத் தலைவர் பேருதான போடுவாங்க. எங்க வீட்டுல அவரு வெள்ளத்தன்னிக்குத் திட்டுல மாடு கட்டிக் கெடக்குதுன்னு அவுத்துவுடத் திரும்பிப் போனாரு. மாடு நீஞ்சி வந்துட்டு. அவரு இன்னும் வல்ல. ஆளு இருக்காருன்னு சொன்னா எங்கன்னு கேக்குறாங்க. இல்லன்னா செத்ததுக்கு சர்ட்டிபிகேட் கேக்குறாங்க. நான் எதைக் குடுக்க?"

கரைமேட்டில் தகரக் கொட்டகைகள் காலியாகி வரிசையாகக் கிடந்தன. ஒன்றிலிருந்து மட்டும் புகை வந்தது.

மறுநாள் கடையைத் திறந்ததும் கோமளவல்லி பவுனாம்பாளுக்குப் போன் போட்டு, பூங்கா என்று எழுதிய மூலையில் போய் நிற்கச் சொன்னாள். நின்றதும், எங்கே வாசல் வேண்டும் என்று கேட்டாள். மற்ற பதினெட்டு வீடுகளையும் அவள் யாரையும் கேட்காமல்தான் போட்டிருந்தாள். இதைக் கேட்டுக் கேட்டுப் போட்டாள். கூடம் எவ்வளவு நீளம் என்றதற்குப் பவுனாம்பாள் நடந்து காட்டி எட்டு எண்ணினாள், அடுப்படி எந்தப் பக்கம் என்றதற்குக் காற்று எப்படி அடிக்கிறது என்று மண்ணைத் தூவிப் பார்த்துச் சொன்னாள், கோடுகள் அவளைச் சுற்றி மெள்ள மெள்ள வளர்ந்தன.

"ஜன்னல் எத்தனை வைக்கட்டும்?"

"ஒண்ணு போதும்மா. ஆத்துப் பக்கம்."

"ஆறு எப்படியும் சுவர் வழியாவே தெரியுமேக்கா."

"தெரியும். ஆனா இந்தச் செவுத்துக்குள்ள சத்தம் வராதே." அவள் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "கூப்பிட்டா கேக்கணும்மா."

கோமளவல்லி ஜன்னல் லேயரை மாற்றி, நீலத்தில், ஆற்றுப் பக்கத்துச் சுவரில், மற்ற வீடுகளைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் ஒரு ஜன்னலை வைத்தாள். "ஓ" என்றாள் பவுனாம்பாள். "வந்துட்டு. காத்து வருது."

புரட்டாசிக் கடைசியில், கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் இடத்தை ஒருதரம் அளந்து பார்க்க என்ஜினீயர் இஞ்ஞாசி வந்தார். நல்ல மனுஷர். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஷூவைக் கழற்றிவிட்டுப் போனார், டேப்பைச் சுவரின் இரண்டு பக்கமும் வைத்துப் பிடித்து, ஒன்பதங்குலம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார், மூலைமட்டம் சரியாக இருக்கிறதென்று கலியமூர்த்தியிடம் பாராட்டிச் சொன்னார். எண்ணிக்கொண்டே வந்தவர் மூலையில் நின்றுவிட்டார்.

"இது பூங்கா இடமாச்சே?"

"இது நம்ம பவுனு வீடு சார்" என்றார் கலியமூர்த்தி, தரையைப் பார்த்துக்கொண்டு.

இஞ்ஞாசி பட்டியலைப் புரட்டினார். உள்ளே போய், ஜன்னலருகே நின்று, பவுனாம்பாள் கொடுத்த தண்ணீரைக் குடித்து, அவள் கதையைக் கேட்டார். "அம்மா, பேப்பர்ல பதினெட்டு, தரையில பத்தொன்பதுன்னு இருந்தா மேல யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. எல்லாருக்கும் சேத்து நின்னு போயிடும். இதை அழிக்கணும். இல்ல, உங்க வீட்டுக்காரர் வெள்ளத்துல இறந்துட்டார்னு நீங்க ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுத்தா, வாரிசுன்னு உங்க பேரைச் சேக்க நான் எழுதிப் போடறேன். ஒரே ஒரு தாள்."

"அப்புறம் அவரு வந்தாருன்னா?"

இஞ்ஞாசி தண்ணீர் தம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"நான் அவரச் செத்தாருன்னு எழுதிக் குடுத்துட்டு, அந்த வீட்டுல உக்காந்துகிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் அவருக்குக் கதவத் தொறப்பேன்?"

அவர் பதினைந்து நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார். மேகம் வடக்கே கட்ட ஆரம்பித்தது. கீற்றுக்கூரை ஐப்பசி மழைக்குத் தாங்காது என்று எல்லாருக்கும் தெரியும். பவுனாம்பாளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது பதினெட்டு வீட்டிலும் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அது சுவருக்காகத் திருப்பியதா அவளுக்காகத் திருப்பியதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பத்தாம் நாள் கலியமூர்த்தி கோமளவல்லியின் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்த வீட்ட அழிச்சிடுங்கம்மா."

"அவங்க வந்து சொல்லட்டும்."

"அவ சொல்ல மாட்டா. சின்னப் புள்ளைவொ இருக்குற வீடும்மா எல்லாம். மழை வந்தா எங்க போறது? ஒரு ஆளுக்காக பதினெட்டு வீடு நிக்கிது."

கோமளவல்லி வாதம் செய்யவில்லை. பத்தொன்பதாவது வீட்டைப் பெரிதாக்கித் திரைக்குக் கொண்டுவந்து, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தாள். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக இருந்த கோடுகள் எல்லாம் புள்ளிப் புள்ளியாக மாறின. கீபோர்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இந்தப் பொத்தானை அமுக்கினா போயிடும். நான் அமுக்க மாட்டேன். நீங்க அமுக்குங்க."

கலியமூர்த்தி விரலை நீட்டினார். நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மேல்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

"அது என் மாடும்மா" என்றார்.

கோமளவல்லி கீபோர்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு எல்லாரும் கரையேறிட்டோம். என் மாடு கட்டிக் கெடக்குதுன்னு நான்தான் பொலம்புனேன். நான் போவல. பவுனு புருசன் சின்னக்கண்ணு போனான். இன்னிக்கும் அந்த மாட்டுப் பாலத்தான் குடிக்கிறேன். மூணு வருசமா அவ மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. அந்த ஜன்னலப் பாக்குறப்பல்லாம் என்னைத்தான் கூப்பிடுதுன்னு தோணுது. அதான் அழிச்சிடச் சொல்லி வந்தேன். மழைக்காக இல்ல."

கோமளவல்லி தேர்ந்தெடுத்ததை விடுவித்தாள். கோடுகள் மறுபடி முழுசாயின. டீ வாங்கி வரச்சொல்லி இரண்டு பேரும் குடித்தார்கள். டீ பாதி ஆனபோது கலியமூர்த்தி, மனு எழுதியே பழகின குரலில், மெதுவாகக் கேட்டார்: "பட்டியல ரேஷன் கார்டைப் பாத்துதான போடுறாங்க? அதுல குடும்பத் தலைவர்னு சின்னக்கண்ணு பேரு இருக்கு. அதை மாத்தி, தலைவர்ங்குற எடத்துல பவுனு பேரைப் போட்டு, அவன் பேரைக் கீழ உறுப்பினர்னு வச்சா? அவன் செத்தான்னும் சொல்லல, போனான்னும் சொல்லல. கார்டுல ஒக்காந்திருக்கான்."

"அது முடியுமா?"

"முடியாதுன்னுதான் சொல்லுவாங்க" என்று எழுந்தார் கலியமூர்த்தி. "நான் போய் ஒக்காந்துக்குறேன்."

ஆனால் முதலில் அவர் போக வேண்டியிருந்தது வேறு இடம். அன்று சாயங்காலம் முந்திரிமேட்டில் பதினெட்டு வீட்டு ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மூலை வீட்டு முன்னால் போய் நின்றார். உள்ளே பவுனாம்பாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் அவரைப் பார்த்தாள், அவரும் அவளைப் பார்த்தார், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது காற்று மட்டும்தான், இருந்தாலும் அவர் கதவைத் தட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் பேசியது உள்ளே கேட்கவில்லை. ஆகவே அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்குப் போனார், அங்கே நின்று பேசினார். மாட்டைப் பற்றிச் சொன்னார். தான் புலம்பியதைச் சொன்னார். மூன்று வருஷத்தைச் சொன்னார். மற்ற வீட்டுக்காரர்களுக்கு அவர் வாயும் கையும் அசைவது மட்டும் தெரிந்தது, அப்புறம் அதையும் பார்க்காமல் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஒங்க மாடுன்னு எனக்குத் தெரியும்ண்ணே" என்றாள் பவுனாம்பாள், கீரையை விடாமல். "அவரு ஒங்களுக்காவப் போவல. மாட்டுக்காவப் போனாரு. அவருக்கு மாடு கத்துனா தாங்காது."

கலியமூர்த்தி ஜன்னல் கட்டையில் கையூன்றி அழுதார். அழுது முடித்தபின் கார்டு விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே கீரையை உருவி முடித்தாள். புருஷனைத் தலைவர் இடத்திலிருந்து இறக்குவதா என்று அவளுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. பிறகு அவளாகவே சிரித்தாள், அந்த மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"எழுதிக்கங்க. எப்பயும் எல்லாத்துக்கும் என்னையத்தான் கேட்டுக்கிட்டு நிப்பாரு. பேருக்குத்தான் தலைவரு."

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்கண்ணே. வெளியிலயே நிக்கிறீங்க."

கலியமூர்த்தி ஒன்பது நாள் ரேஷன் கார்டு ஆபீஸில் போய் உட்கார்ந்தார். முதல் நாள் முடியாது என்றார்கள், நான்காம் நாள் பார்க்கலாம் என்றார்கள், ஒன்பதாம் நாள் மாற்றிய கார்டைக் கையில் கொடுத்தார்கள். இஞ்ஞாசியின் தவணை நாலு நாளுக்கு முன்பே முடிந்திருந்தது, அவர் அந்த நாலு நாளும் சைட்டுக்கு வராமல் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். பட்டியலில் பத்தொன்பதாவது பெயர் ஏறியது. பூங்காவுக்கு இடமில்லாமல் போனதற்கு, வீடுகளுக்கு நடுவே வரிசையாக மரம் வைப்பதாகக் கோமளவல்லி வரைபடத்தில் பச்சையில் ஒரு லேயர் சேர்த்தாள். ஐப்பசியில் எல்லாரும் நனைந்தார்கள், ஒருவர் வீட்டுக் கூரையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தை மாதம் கொத்தனார்கள் வந்தபோது நூல் பிடிக்கவோ தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கவோ அவசியமிருக்கவில்லை. காற்றுச் சுவரோடு ஒட்டிச் செங்கலை வைத்துக்கொண்டே போனார்கள், கோணாமல் நின்றது. சித்திரையில் பூச்சு காய்ந்து, எல்லா வீட்டிலும் கதவு போட்டு முடிந்த அன்று, கோமளவல்லி எட்டு மாதமாக மூடாமல் வைத்திருந்த வரைபடத்தைக் கொஞ்சம் பயத்தோடு மூடினாள். முந்திரிமேட்டில் ஒன்றும் விழவில்லை. அடுத்து ஒரு கல்யாண மண்டபத்துக்குப் புதிய வரைபடம் திறந்து, அளவு, எல்லை, லேயர், பூஜ்யம் என்று வரிசையாகப் போட்டாள். அது வெறும் வரைபடமாகவே இருந்தது.

வைகாசியில் கரண்ட் மீட்டர் பொருத்த ஒருவர் வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டே வந்து, மூலை வீட்டு வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "வீட்டுக்காரர் இருக்காராம்மா?" என்று கேட்டார்.

பவுனாம்பாள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அவரு ஆத்துப் பக்கம் போயிருக்காரு" என்றாள். "வீட்டுக்காரி நான்தான். எங்க கையெழுத்துப் போடணும்?"